பேர் கூவிய ரொட்டிக்கடை

லாங்கிமாலி என்ற லாங்கி ஒரு கடைக்கு வெப்சைட் செய்ய உட்கார்ந்தால், முதலில் செல்போனைத் தள்ளி வைத்துவிடுவாள். பாயை உதறி விரிப்பாள். பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டிகளை உள்ளங்கை அளவுக்குக் கத்தரித்து ஒரு கட்டு வைத்திருந்தாள். ஒரு துண்டு ஒரு பக்கம். முதல் பக்கம், படங்கள் இருக்கும் பக்கம், விலைப் பக்கம், பணம் கட்டும் பக்கம் என்று கரிக்கட்டையால் எழுதிப் பாயில் பரப்புவாள். கடைக்காரரை எதிரே உட்காரவைத்து, "நீங்கதான் வாங்க வந்தவர்னு வச்சுக்கங்க. இந்த அட்டையில இருந்து அடுத்ததுக்கு எதுக்காகப் போறீங்க?" என்று கேட்பாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த அட்டை அவள் மடிக்குப் போய்விடும். மடி நிறைய அட்டை விழுந்த நாளே நல்ல வேலை நடந்த நாள் என்பது அவள் கணக்கு.

இந்தப் பழக்கம் கார் ஒயர் தொழிற்சாலையில் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய ஊரில் பதினெட்டு வருஷம் அவள் ஒயர் கட்டினாள். பலகையில் படம் வரைந்திருக்கும். எந்த ஒயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும். தொழிற்சாலையை மூடினார்கள். லாங்கி சமோவாவின் சவாயித் தீவுக்கே திரும்பி வந்து, கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊரில் உட்கார்ந்தாள். வயது நாற்பத்தாறு. கையில் ஒரு போன். அந்தப் போனிலேயே பார்த்துப் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள். இதுவும் ஒயர் கட்டுகிற மாதிரிதான், கடவுள் எதையும் வீணாகக் கற்றுக்கொடுப்பதில்லை என்று ஜெபத்தில் நன்றி சொன்னாள்.

ஆனால் முதல் மூன்று வெப்சைட்டும் படுத்துவிட்டன. விருந்தினர் விடுதிக்கு ஒன்று, பச்சை குத்துகிறவருக்கு ஒன்று, படகு வாடகைக்கு ஒன்று. மாதத்துக்கு நாலு பேர் எட்டிப் பார்த்தால் அதிகம். சமோவா மொழியில் வெப்சைட்டைச் சொல்லுகிற வார்த்தையிலேயே மீன் வலை இருக்கிறது. அதனால் சாலையோரம் மீன் விற்கும் ஃபெரெட்டிக்கு வாய் நிறைய வேலை கிடைத்தது.

"என்ன லாங்கி, இன்னைக்காவது உன் வலையில ஏதாவது மாட்டுச்சா? என் வலையில ஓட்டை விழுந்தாக்கூட ரெண்டு சுறாக்குட்டி வருது."

லாங்கி சிரித்துக்கொண்டே போவாள். அவள் பதிலுக்குப் பதில் பேசுகிற பெண் இல்லை. குரலும் மெல்லிய குரல். பாடகர் குழுவில் அவள் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் யாருக்கும் கேட்டதில்லை. தவிரவும் ஃபெரெட்டியின் நாக்குக்கு அடியில் ஒரு புண் இருப்பது அவளுக்குத் தெரியும். அவன் மகன் சேமிசி ஒரு படகு இன்ஜினுக்காக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் போனவன். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. ஃபெரெட்டி அந்தப் பேரையே எடுக்கமாட்டான்.

நாலாவதாக அவளைக் கூப்பிட்டது ரொட்டிக்கடை அலபாட்டி.

அலபாட்டி அதிகம் பேசாத மனிதன். தேங்காய்ப்பாலில் ஊறிய பன்னும், வெள்ளைச் சர்க்கரைப் பூச்சுப் போட்ட கேக்கும் அவன் கையில் வருகிற மாதிரி வேறு யாருக்கும் வராது. ஆனால் துறைமுகத்துக்கு எதிரில் பெரிய கடை வந்த பிறகு, வெட்டிப் பொட்டலம் போட்ட ரொட்டியைத்தான் எல்லாரும் வாங்கினார்கள். அடுப்பு பாதி நாள் ஆறிக் கிடந்தது. அவன் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுத் தோட்டத்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். வெள்ளை ஞாயிறு முடிந்த புதன்கிழமை கப்பல். ஒன்பது மாதம் கழித்துத்தான் திரும்புவான். திரும்பி வந்து கடை திறந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

"வீட்டுத் தென்னையில ரெண்டு தேங்காய் பறிங்கன்னா முழங்கால் வலிக்குதுன்னு படுத்துக்கிறார். அங்கே போய் ஏணி ஏறி ஆரஞ்சு பறிக்கப் போறாராம்" என்றாள் அவன் மனைவி சேரா. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது இடுப்புத் துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அலபாட்டி லாங்கியிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னான். "அக்கா, வெள்ளை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை என் அடுப்பு ரெண்டு தடவை நிறையணும். ஒரு தடவைக்கு நாற்பது கேக். எண்பது கேக் போச்சுன்னா நான் இங்கேயே இருக்கேன். இல்லாட்டி புதன்கிழமை கப்பல்."

வெள்ளை ஞாயிறு அக்டோபரில் வரும். பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோயிலில் வசனம் சொல்லுகிற நாள். அன்றைக்குப் பெரியவர்கள் பரிமாற, பிள்ளைகள்தான் முதலில் சாப்பிட வேண்டும். ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கிற அத்தை மாமன் எல்லாருக்கும் அந்த வாரம் ஊர் நினைப்பு வந்துவிடும். லாங்கி அதைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடுகிறவன் இங்கே இருக்கிறான், காசு கொடுக்கிறவள் அங்கே இருக்கிறாள், அதனால் இந்த வெப்சைட் அங்கே இருக்கிறவளுக்காகத்தான் என்று பாயில் முதல் அட்டையை வைத்தாள். வேலைக்குக் கூலி வேண்டாம், போகிற ஒவ்வொரு கேக்குக்கும் கொஞ்சம் தந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டாள். அலபாட்டி மூழ்கினால் அவளும் மூழ்க வேண்டியதுதான்.

மற்ற அட்டைகள் சுலபமாக விழுந்தன. கேக் படம். எந்த ஊர், எந்த வீடு. எந்த நாள். பணம் கட்டும் பட்டன். அவளுக்கு ஒரே ஓர் இடத்தில் யோசனை வந்தது. அனுப்புகிறவர் பேரைச் சொல்லலாமா, வேண்டாமா? கொடுப்பதை ரகசியமாகக் கொடு என்று வேதத்தில் படித்தது அவள் நெஞ்சில் இருந்தது. அவள் அதன்படி நடக்கிறவள். அதனால் 'அனுப்பியவர் பேர் மறைக்கப்படும்' என்று ஒரு கட்டம் போட்டு, எல்லாருக்கும் அதைத் தானே டிக் அடித்து வைத்துவிட்டாள். கர்த்தருக்குப் பிடித்த வெப்சைட் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்.

திறந்து ஒன்பதாவது நாள் முதல் ஆர்டர் வந்தது. ஆக்லாந்திலிருந்து தௌசாலா என்ற பெண். மருத்துவமனையில் துணி துவைக்கிற வேலை பார்க்கிறவள். அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் கேக். அலபாட்டி அன்றைக்கு அந்த ஒரு கேக்குக்காக அடுப்பை மூட்டினான். அவன் தம்பி நோஃபோ வேனில் கொண்டுபோனான். பேர் சொல்லக்கூடாது என்று லாங்கி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த வீட்டில் எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். அந்த ஊர் வீடுகளுக்குச் சுவரா இருக்கிறது, தூணும் கூரையும்தானே? நோஃபோ கேக்கைத் தூண் ஓரமாகப் பாயில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்துவிட்டான்.

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். அழகான கேக். யார் வைத்தது என்று தெரியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சாப்பாடு ஒரு வீட்டுக்கு வந்தால் பேரோடு வரும். பேரில்லாமல் வந்த சாப்பாடு யாருக்கு? ஊரார் போதகருக்குச் சாப்பாடு அனுப்புவது வழக்கம், இதுவும் அவருக்குத்தான், வீடு மாறி வந்துவிட்டது என்று முடிவு பண்ணி, துணி போட்டு மூடி, பயபக்தியோடு போதகர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். போதகரும் ஜெபம் பண்ணிச் சாப்பிட்டார்.

மாலையில் தௌசாலா போன் பண்ணினாள். கேக் எப்படி இருந்தது என்று கேட்டாள். எந்தக் கேக் என்றார்கள். பிறந்தநாள் பிள்ளை அழ ஆரம்பித்தது. அத்தை மறந்துவிட்டாள் என்று அது நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தௌசாலா அடுத்த போனை லாங்கிக்குப் போட்டாள்.

"நான் திருட்டுத்தனமாவா அனுப்பினேன்? எட்டு மணி நேரம் நின்னு சம்பாதிச்ச காசு. என் அண்ணன் வீட்டு வாசல்ல என் பேரைச் சொல்ல உங்களுக்கு வெட்கமா?"

லாங்கி மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் காலைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஃபெரெட்டி மீனை வெட்டிக்கொண்டே சொன்னான்: "கடைசியில லாங்கி வலையில ஒண்ணு மாட்டிச்சுப்பா. போதகர்." சாலையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அலபாட்டி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். அதுதான் லாங்கிக்குத் தாங்கவில்லை.

அவள் போதகரிடம் போனாள். அவர் இளைஞர், ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. இவளைப் பார்த்ததுமே முகம் சிவந்துவிட்டது.

"நானே வரணும்னு இருந்தேன்மா. பிள்ளையோட கேக்கைச் சாப்பிட்டுட்டேன். மூணு துண்டு."

தப்பு தன்னுடையதுதான் என்றாள் லாங்கி. வேதத்தில் சொன்னபடி ரகசியமாகக் கொடுக்கட்டும் என்றுதான் பேரை மறைத்தேன் என்றாள். போதகர் பாயை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். சாப்பிடும்போது ஜெபம் பண்ணினேன். யாருக்காகன்னு தெரியல. கொடுத்த கையை ஆசீர்வதியும்னு பொதுவாச் சொன்னேன். பேர் தெரிஞ்சிருந்தா பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்."

லாங்கி வீட்டுக்கு வந்து பாயில் அட்டைகளைப் பரப்பினாள். தௌசாலா ஆக்லாந்தில். பணம். அடுப்பு. வேன். வீடு. ஒயர் போய் முடிந்துவிட்டது. அட்டைகள் மேல் விரலை வைத்து மறுபடி முதலிலிருந்து போனாள். தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் படித்த பாடம் அப்போதுதான் உறைத்தது. போன ஒயர் திரும்பி வரவேண்டும். திரும்பி வராத ஒயரில் விளக்கு எரியாது. தௌசாலா கொடுத்தது பிச்சை இல்லையே மறைப்பதற்கு? ஏழைக்குப் போடுவதை மறைக்கலாம். அண்ணன் மகளுக்கு அனுப்புவது, நான் இன்னும் உங்களோடுதான் இருக்கிறேன் என்று கடல் தாண்டிக் கூப்பிடுவது. கூப்பிடுகிற குரலின் வாயைப் பொத்தி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. நம் விருந்துகளில் என்ன செய்கிறோம்? பன்றியோ பாயோ டின் மீனோ எது வந்தாலும், ஒருவர் எழுந்து நின்று இது இன்னார் கொண்டுவந்தது என்று ஊர் கேட்கக் கூவுவார். கூவாத பொருள் வராத பொருள். இது தெரியாமல் யாரோ வெள்ளைக்காரர்கள் கடை வெப்சைட்டைப் பார்த்துச் செய்துவிட்டோம்.

அவள் ஒரு புது அட்டை எடுத்தாள். 'என்ன சொல்லிக் கூவ வேண்டும்?' என்று எழுதி, பணம் கட்டும் அட்டைக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றில் 'கூவியதைப் படம் எடுத்து அனுப்புவது' என்று எழுதி, வீட்டிலிருந்து தௌசாலாவுக்குத் திருப்பி வைத்தாள். ஒயர் சுற்றி வந்துவிட்டது. மறைக்கிற கட்டத்தை எடுத்துவிடவில்லை, டிக்கை மட்டும் எடுத்துவிட்டாள். வேண்டியவர் அடித்துக்கொள்ளட்டும்.

கூவுவதற்கு ஆள் தேடவே வேண்டாம். வேன் ஓட்டும் நோஃபோவின் தொண்டை ஊரறிந்தது. அவன் பாடினால் மற்ற நாற்பது பேர் பாட்டும் கேட்காது என்று பாடகர் குழுவிலிருந்து மரியாதையாக அனுப்பப்பட்டவன். விஷயத்தைச் சொன்னதும் அவன் நம்பவில்லை.

"நிஜமாவா அக்கா? கத்தச் சொல்லிக் காசு கொடுப்பீங்களா? இத்தனை நாளா எல்லாரும் கத்தாதேன்னுல்ல கெஞ்சினாங்க."

அலபாட்டியிடம் ஒரே ஒரு கேக் கேட்டாள் லாங்கி. தௌசாலாவுக்குக் கடன்பட்ட கேக். அவன் பெட்டியில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். சேரா அவன் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்து, "மாவைப் பிசைங்க. சட்டை ஓடிப்போகாது" என்றாள்.

அந்த சனிக்கிழமை காலை நோஃபோ நல்ல சட்டை போட்டு, இடுப்புத் துணியைச் சுத்தமாகக் கட்டி, அந்த வீட்டு முற்றத்தில் நின்றான். கேக்கைத் தலைக்கு மேல் தூக்கினான். லாங்கி போனைப் பிடித்தாள்.

"வீட்டாரே, பக்கத்து வீட்டாரே, கேளுங்க. ஆக்லாந்துல இருந்து, இந்த வீட்டுப் பொண்ணு தௌசாலா. தன் கையால உழைச்ச காசு. அண்ணன் மகளுக்குக் கேக். அத்தை மறக்கல. மறக்கவும் மாட்டா."

குரல் மலை வரைக்கும் போயிற்று. நாய்கள் குரைத்தன. ஏழு வீடு தள்ளி ஒரு பெரியவர் எழுந்து நின்று, வழக்கப்படி, நன்றி நன்றி என்று பதில் குரல் கொடுத்தார். பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டு நின்று, ஊர் முழுக்கத் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தது.

ஒரு நிமிஷப் படம். தௌசாலா அதைத் துணி துவைக்கும் அறையில் வேலை இடைவெளியில் பார்த்திருக்கிறாள். கூட இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் முழுக்கப் பார்த்திருக்கிறது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பதினொரு ஆர்டர். புதன்கிழமை முப்பது. சிட்னியிலிருந்தும், அமெரிக்காவில் எங்கோ பனி விழும் ஊரிலிருந்தும் வந்தன. கேக்கைவிடக் கூவுகிற கட்டத்தில்தான் ஜனங்கள் அதிக நேரம் நின்றார்கள். ஒரு பெண் அதில் தன் வம்சத்தையே எழுதிவிட்டாள். நோஃபோ மூச்சுவிட வேண்டாமா என்று லாங்கி கட்டத்தை நாலு வரிக்குச் சுருக்கினாள்.

எண்பது தாண்டியது வெள்ளை ஞாயிறுக்கு எட்டு நாள் முன்னால். சேராதான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துப் பரணில் ஏற்றினாள். அலபாட்டி கண்டும் காணாதவன் போல மாவு சலித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வேறு பயம் வந்தது. அடுப்பு ஒரு நாளைக்கு நாலு தடவைதான் நிறையும். நூற்றி அறுபது கேக் ஆனதும் பட்டன் தானாக மூடிக்கொள்கிற மாதிரி லாங்கி மாற்றி வைத்தாள். வருகிறதை ஏன் தடுக்கிறாய் என்று சேரா சண்டைக்கு வந்தாள். சொன்னால் வரவேண்டும், வராத கேக்குக்குப் பேர் கூவ முடியாது என்றாள் லாங்கி. வெள்ளிக்கிழமை பட்டன் மூடிக்கொண்டது.

இரவெல்லாம் அடுப்பு எரிந்து, சனிக்கிழமை விடியும்போதே வேன் கிளம்பியது. சேரா ஒவ்வொரு கேக்குக்கும் கூவ வேண்டியதைச் சீட்டில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டியிருந்தாள். ஊர் ஊராக நோஃபோ கூவினான். பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓடிவந்தன. எந்த வீட்டில் நிற்கும் என்று ஜனங்கள் சாலைக்கே வந்து நின்றுவிட்டார்கள். நூற்றி முப்பதாவது வீட்டில் நோஃபோவின் தொண்டை கட்டியது. நூற்றி நாற்பதாவது வீட்டில் காற்று மட்டும் வந்தது. சேரா தேங்காய்த் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அவன் கையை விரித்துவிட்டு லாங்கியைக் காட்டினான்.

"என்னாலயா? என் குரல் எனக்கே கேட்காதே" என்றாள் லாங்கி.

அடுப்பு வேலை முடிந்து வேனின் பின்னால் உட்கார்ந்து வந்த அலபாட்டி அப்போது வாயைத் திறந்தான். "அக்கா. சொன்னது நீங்க. கூவுறோம்னு எழுதினது நீங்க."

அவள் இறங்கினாள். கர்த்தாவே, இருக்கிற குரலைத் தாரும் என்று சொல்லிக்கொண்டாள். முதல் வீட்டில் பாதிப்பேருக்குக் கேட்டது. இரண்டாவது வீட்டில் முற்றம் முழுக்கக் கேட்டது. பத்தாவது வீட்டில் அவளே திகைத்துப்போனாள், நாற்பத்தாறு வருஷம் இந்தக் குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று. கடைசிப் பெட்டியை எடுத்துச் சீட்டைப் பார்த்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது. எதிரே ஃபெரெட்டியின் வீடு. அவன் தூணில் சாய்ந்து வலை பின்னிக்கொண்டு, தன் வீட்டுக்கு எதுவும் வராது என்று தெரிந்த மனிதனின் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

லாங்கி கேக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"வீட்டாரே, பக்கத்து வீட்டாரே, கேளுங்க. பிரிஸ்பேன்ல இருந்து, இந்த வீட்டு மகன் சேமிசி. தங்கச்சி பிள்ளைங்களுக்கு வெள்ளை ஞாயிறு கேக். பிள்ளைங்க சாப்பிட்டு முடிச்சதும், அப்பா ஒரு துண்டு எடுத்துக்கணும்."

ஃபெரெட்டியின் கையிலிருந்து வலை நழுவியது. அவன் எழுந்து முற்றத்துக்கு வந்தான். பதில் குரல் கொடுக்க வேண்டியது வீட்டுத் தலைவன். இரண்டு தடவை வாயைத் திறந்தும் வரவில்லை. மூன்றாவது தடவை நன்றி என்று சொன்னான், இன்னும் சத்தமாக நன்றி என்றான், பிறகு மகன் பேரைச் சொன்னான். சேமிசி, சேமிசி என்று ஊர் கேட்கச் சொன்னான். சேரா போனைப் பிடித்தபடியே அழுதாள். அந்தப் படம் ஐந்து நிமிஷத்தில் பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தது. வேன் திரும்புவதற்குள் ஃபெரெட்டியின் போன் அடித்தது.

மறுநாள் கோயிலில் போதகர் வசனம் சொன்ன பிள்ளைகளுக்காக ஜெபித்தார். பிறகு கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்காக ஜெபித்தார், நூற்றி அறுபது பேரையும் பேர் பேராகச் சொல்லி. பட்டியலைக் கொடுத்தது லாங்கிதான். நீண்ட ஜெபம். பிள்ளைகள் நெளிந்தன. பெரியவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. நடுவில் பேர் மறைக்கச் சொன்ன ஒருவரும் இருந்தார். அந்த இடம் வந்ததும் போதகர் நிறுத்தி, உமக்குத் தெரியும் கர்த்தாவே என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

புதன்கிழமை காலை துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அலபாட்டி கடையில் கிறிஸ்துமஸ் ஆர்டருக்குத் தட்டு துடைத்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சுத் தோட்டத்துக் காகிதம் தட்டுக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்தது. கப்பல் இரண்டாவது தடவை ஊதியபோது, மணி என்ன ஆகிறது என்று மட்டும் சேராவிடம் கேட்டான்.

அன்றைக்கு லாங்கியின் பாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் ஃபெரெட்டி. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சேமிசி சொல்றான், மீனுக்கும் ஒண்ணு போட்டா நல்லா இருக்கும்னு. உனக்கு நேரம் இருக்குமா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அக்கா" என்று சேர்த்தான். அவளைவிட அவன் ஆறு வயது மூத்தவன்.

லாங்கி அட்டைக் கட்டை அவிழ்த்தாள். மீன் படத்தையோ விலையையோ எடுக்கவில்லை. வெறும் அட்டை ஒன்றைப் பாயின் நடுவில் வைத்து, கரிக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"முதல்ல சொல்லுங்க. யார் பேரைக் கூவணும்?"